இனப் பாகுபாட்டு ஒழிப்புச் சமவாயம்: திருகோணமலையிலிருந்து மாற்று அறிக்கை எழுத ஒரு முழு வழிகாட்டி

எங்கள் மாற்று அறிக்கையின் முதல் வரைவு நாற்பத்து மூன்று பக்கம். 1948 ஆம் ஆண்டு வரலாற்றிலிருந்து கதை தொடங்கியது. பதினெட்டாம் பக்கத்தில்தான் திருகோணமலை என்ற பெயரே வந்தது. அதைப் படித்துப் பார்த்த சட்டத்தரணி அக்கா ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, ஐ.நா. குழு என்ன செய்ய வேண்டும் என்று இதில் எங்கே இருக்கிறது?" எங்கும் இல்லை. முழுவதையும் தூக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். இரண்டாம் வரைவு ஒன்பது பக்கத்தில் முடிந்தது.

பின்னர் புதிதாக எழுத வந்த சில குழுக்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதுதான் காரணம். ஆகவே இங்கே வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

மாற்று அறிக்கை என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையான இந்தச் சமவாயத்தில் சேர்ந்த நாடு, தான் என்ன செய்தது என்று ஜெனீவாவில் உள்ள 18 நிபுணர்கள் கொண்ட ஐ.நா. குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதே காலத்தில் பொது அமைப்புகள் தம் தரப்பில் அனுப்புவது மாற்று அறிக்கை. நிழல் அறிக்கை என்றும் சொல்வார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சமவாயத்தின் முழு வாசகம், அச்சில். கைபேசியில் வைத்திருந்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. குழு இலங்கை பற்றிக் கடைசியாக வெளியிட்ட முடிவுரை அவதானிப்புகள், அதாவது நாட்டின் அறிக்கையை ஆராய்ந்த பின் குழு எழுதும் மதிப்பீடும் பரிந்துரைகளும். அரசு அனுப்பிய கடைசி அறிக்கை. அரசியலமைப்பின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்கள்.

ஆட்களில், தமிழும் சிங்களமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவராவது வேண்டும். அலுவலகங்களிலிருந்து வரும் பதில்களில் பாதி சிங்களத்தில் வரலாம். கூகிளை நம்பி ஒரு சுற்றறிக்கையை மொழிபெயர்த்து நாங்கள் பட்ட அவமானம் போதும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. ஏன் என்று நான்காம் படியில் தெரியும்.

2. நாடு எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கையெழுத்திட்டாலே கட்டுப்பட்டாயிற்று என்று நினைக்கிறார்கள். கையெழுத்து என்பது சேரும் எண்ணத்தை அறிவிப்பது; உடன்படிக்கையின் நோக்கத்தைக் குலைக்காமல் இருக்கும் கடமை மட்டுமே அதனால் வருகிறது. பின்னர் அந்த நாடு தன் உள்நாட்டு நடைமுறைப்படி ஏற்புறுதி செய்து, அந்தப் பத்திரத்தை ஐ.நா. பொதுச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நாளுக்குப் பின் முப்பதாம் நாளில்தான் சமவாயம் அந்த நாட்டுக்கு நடைமுறைக்கு வரும். கையெழுத்து, ஏற்புறுதி என்று இரண்டு படியாக ஏறாமல் ஒரே படியாகச் சேர்வதும் உண்டு. அதற்குப் பெயர் இணைதல். இரண்டின் சட்ட விளைவும் ஒன்றே.

இலங்கை இணைந்த நாடு. 1965 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டு 1969 ஜனவரி 4 அன்று நடைமுறைக்கு வந்த இந்தச் சமவாயத்தில், 1982 பெப்ரவரி 18 அன்று இலங்கை இணைந்தது. முப்பது நாளை நீங்களே எண்ணிப் பாருங்கள்: மார்ச் 20. "இலங்கை கையெழுத்திட்டது" என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினால், வாசிக்கும் நிபுணருக்கு உங்கள் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும்.

இந்தப் படிகள் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு மலேசியாவைப் பாருங்கள். 2018 செப்டெம்பரில் பிரதமர் மகாதீர், மீதமிருக்கும் ஐ.நா. மனித உரிமை ஆவணங்களை ஏற்புறுதி செய்யப்போவதாகப் பொதுச்சபையில் பேசினார். பூமிபுத்ராக்கள் எனப்படும் மலாயருக்கும் பிற பூர்வகுடிகளுக்குமான சலுகைகள் பறிபோகும் என்ற அச்சம் கிளம்பியது. நவம்பர் 23 அன்று, இந்தச் சமவாயத்தை ஏற்புறுதி செய்யமாட்டோம் என்று அரசே அறிவித்தது. இத்தனைக்கும் பின்தங்கிய பிரிவினருக்கான விசேட நடவடிக்கைகள் பாகுபாடாகக் கருதப்படமாட்டா என்று முதலாம் உறுப்புரையின் நான்காம் பந்தியே சொல்கிறது. நோக்கம் நிறைவேறிய பின்னும் அவற்றைத் தொடரக்கூடாது என்பதே நிபந்தனை. வாசகத்தைப் படிக்காமல் சண்டை பிடிப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

அடுத்து இரண்டு விடயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, குறித்த உறுப்புரை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நாடு விலக்குக் குறிப்பு வைத்திருக்கிறதா? இந்தியா 22 ஆம் உறுப்புரைக்கு அப்படி வைத்திருக்கிறது. சமவாயத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாத விலக்கு செல்லாது. தரப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்தால் அது ஒவ்வாதது என்று கொள்ளப்படும். இரண்டாவது, 14 ஆம் உறுப்புரையின் கீழ் நாடு பிரகடனம் செய்திருக்கிறதா? செய்திருந்தால்தான் தனிமனிதர் குழுவிடம் முறையிடலாம். இலங்கை செய்யவில்லை. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ ஒருவர் வந்து "என் வழக்கை ஜெனீவாவுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டால், இந்தக் குழுவிடம் அந்தக் கதவு இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் கழித்து உங்கள் முகத்தில் விழிக்கமாட்டார்.

3. ஒரு மாதக் கெடு: அறிக்கைக்கு முன் ஆளைப் பாருங்கள்

இந்தப் படியை நாங்களும் முதலில் தவறவிட்டோம்.

மாற்று அறிக்கை ஒரு நிலைமையைக் காட்டும். ஒருவருடைய காணியையோ வேலையையோ மீட்டுத் தராது. அதற்கு உள்ளூர் வழிதான். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நகரிலேயே இருக்கிறது.

ஆகவே சம்பவம் சொல்ல வருபவரிடம் உங்கள் முதல் கேள்வி "என்ன நடந்தது?" என்பதாக இருக்கக்கூடாது. "எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். மூன்று வாரம் ஆகியிருந்தால் பேனாவை மூடிவிட்டு அவரை அலுவலகத்துக்கோ சட்டத்தரணியிடமோ அழைத்துப் போங்கள். நாங்கள் ஒரு அம்மாவின் கதையை நிதானமாக, அழகாக எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய முப்பது நாள் கழிந்துவிட்டது. அந்தப் பந்தி அறிக்கையில் நன்றாகத்தான் வந்தது.

உள்ளூர் சட்ட நிலையையும் இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் உடன்படிக்கையில் சேர்ந்ததனாலேயே அது நீதிமன்றத்தில் செல்லுபடியாகிவிடாது. பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2006 ஆம் ஆண்டு சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் இதை உறைக்கச் சொன்னது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்துக்கு 1994 இல் சட்டம் வந்தது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்துக்கு 2018 இல் வந்தது. இனப் பாகுபாட்டுச் சமவாயத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. உங்கள் அறிக்கையின் கோரிக்கைகளில் ஒன்று இங்கேயே கிடைத்துவிட்டது, குறித்துக்கொள்ளுங்கள்.

4. உங்கள் விடயம் ஐந்து அடிப்படைகளுக்குள் வருகிறதா?

வேலையின் நடு முதுகெலும்பு இதுதான். இங்கே நேரம் செலவழியுங்கள்.

முதலாம் உறுப்புரை ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது: இனம், நிறம், வம்சாவளி, தேசிய மூலம், இனக்குழு மூலம். இவற்றை வைத்து வேறுபடுத்துவதோ விலக்குவதோ கட்டுப்படுத்துவதோ முன்னுரிமை தருவதோ, உரிமைகளைச் சமமாக அனுபவிப்பதைப் பாதிக்கும் நோக்கத்தைக் கொண்டிருந்தால் அது பாகுபாடு. நோக்கமே இல்லாமல் அப்படியொரு விளைவு ஏற்பட்டாலும் பாகுபாடுதான். அந்தக் கடைசிப் பகுதியை அடிக்கோடிடுங்கள். "அந்த உத்தியோகத்தர் வேண்டுமென்றே செய்தார்" என்று நிரூபிக்கப் போராடி ஓய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விளைவைக் காட்டினால் போதும்.

இப்போது அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். மொழி இல்லை. மதமும் இல்லை. நம் அரசியலமைப்பின் 12(2) இல் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன. அதைப் பார்த்துப் பழகிய கண் இங்கேயும் அவை இருப்பதாக நினைத்துக்கொள்கிறது.

உதாரணத்துக்கு, ஒருவர் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுகிறது. வாசிக்கத் தெரியாத தாளில் அவர் கையெழுத்து வைக்கிறார். இதை "மொழி உரிமை மீறல்" என்று மட்டும் எழுதினால், இந்தக் குழுவின் எல்லைக்கு வெளியே நிற்கிறீர்கள். "நீதி நிருவாகத்தின்முன் சமமாக நடத்தப்படும் உரிமை, 5 ஆம் உறுப்புரை (அ) பந்தி, பாதிப்பு விழுவது ஏறக்குறைய முழுவதும் தமிழர், முஸ்லிம்கள் என்ற இனக்குழுக்கள் மீது" என்று எழுதினால் உள்ளே வந்துவிட்டீர்கள். சம்பவம் ஒன்றுதான், வாசல் வேறு.

முஸ்லிம்களின் விடயத்தை மத விவகாரமாக மட்டும் எழுதுவதும் இதே பிழை. இலங்கையின் குடிசன மதிப்பீடே சோனகரை இனக்குழுவாகத்தான் கணக்கெடுக்கிறது. அந்த இணைப்பை ஒரு வரியில் காட்டுங்கள்.

சாதியை விடவேண்டாம். அது வம்சாவளி என்ற சொல்லுக்குள் வருகிறது என்று குழு 2002 இல், சமவாயத்துக்கான விளக்கமாகத் தான் வெளியிடும் பொதுப் பரிந்துரைகளில் 29 ஆவதில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். "அது நமக்குள் உள்ள விடயம்" என்றார் ஒருவர். நமக்குள் இருப்பதனால்தான் வெளியே எழுதத் தயங்குகிறோம். சமவாயம் அந்தத் தயக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கொட்டியாரக் குடாவை ஒட்டிய மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்களும் இப்படியே விடுபடுகிறார்கள். தமிழ் பேசுகிறார்கள் என்பதால் "தமிழர்" என்ற தலைப்புக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

மூன்று சமூகங்களும் உங்கள் குழுவில் வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான். இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. ஒரு பிரதேச செயலகத்தில் பாதிக்கப்படுபவர், அடுத்த பிரதேச செயலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார். தன் சமூகத்தின் காயத்தை மட்டும் எழுதும் அறிக்கையை வாசிப்பவர் இலகுவாக இனங்கண்டுவிடுவார்.

5. சென்ற தடவை குழு என்ன சொன்னது?

9 ஆம் உறுப்புரைப்படி நாடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். நடப்பது வேறு. இலங்கையின் பத்தாவது முதல் பதினேழாவது வரையான அறிக்கைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 2016 ஓகஸ்டில் ஆராயப்பட்டன. அதற்கு முந்தைய ஆய்வு 2001 இல். திகதி அறிவித்த பின் ஓடத் தொடங்கினால் எதுவும் கிடைக்காது. கோப்பைச் சும்மா இருக்கும் காலத்திலேயே கட்டி வையுங்கள்.

முடிவுரை அவதானிப்புகளை எடுத்து, உங்கள் விடயம் எந்தப் பந்தியில் வருகிறது என்று குறியுங்கள். குழு ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தால், உங்கள் வேலை "அது நிறைவேறியதா, திருகோணமலையில் என்ன மாறியது?" என்ற ஒரு கேள்விக்குச் சுருங்கிவிடும். அது வலுவான இடம். அரசு அந்தப் பந்திக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

6. சான்று திரட்டல்

கதையும் எண்ணும் இரண்டும் வேண்டும். கதை மட்டும் இருந்தால் தனிச் சம்பவம் என்று தள்ளிவிடுவார்கள். எண் மட்டும் இருந்தால் மனிதர் யாரும் தெரியமாட்டார்.

எண்ணுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரசைகள் காரணம் சொல்லாமல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் அனுப்பிய கேள்வி: "தமிழ் மக்களுக்குச் சேவை வழங்குவதில் ஏன் பாகுபாடு காட்டப்படுகிறது?" வந்த பதில் ஒரு வரி: அவ்வாறான தகவல் இல்லை. பதில் சரிதான், கேள்விதான் பிழை. சட்டம் தருவது ஆவணத்தில் இருக்கும் தகவலை, கருத்தை அல்ல. "ஏன்" என்று கேட்காதீர்கள். "எத்தனை", "எந்தத் திகதியில்", "எந்த மொழியில்", "பிரதி தருக" என்று கேளுங்கள்.

அதோடு, ஒரே கேள்வியைச் சொல் மாறாமல் பல இடங்களுக்கும் அனுப்புங்கள். திருகோணமலை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. பட்டணமும் சூழலும், குச்சவெளி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், சேருவில, வெருகல், மொரவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. பாகுபாடு என்பது ஒப்பீட்டில்தான் தெரியும். ஒரு கிராமத்தில் காணி அனுமதிப்பத்திரம் தாமதமாகிறது என்றால் அது தாமதம் மட்டுமே. அதே ஆண்டில் அதே வகை விண்ணப்பம் பக்கத்துப் பிரிவில் எவ்வளவு காலத்தில் முடிந்தது என்பதையும் அருகில் வைத்தால்தான் பாகுபாடு என்ற சொல்லுக்கே நீங்கள் உரிமை பெறுகிறீர்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது எங்கள் சந்தேகங்களில் இரண்டு பொய்த்தும் போயின. எல்லாப் பிரிவிலும் ஒரே தாமதம். அவற்றை எடுத்துவிட்டோம்.

பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, பின்னர் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பதிலே வராததும் ஒரு சான்றுதான். அனுப்பிய திகதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கோப்பில் வையுங்கள்.

இனி கதை. ஆளைத் தேநீர்க் கடையில் வைத்துப் பேசவேண்டாம். காது இருக்கும் இடம். வீட்டில் பேசினால் ஆண்கள்தான் பேசுவார்கள். பெண்களோடு தனியாக ஒரு பெண் பேச வேண்டும். இனப் பாகுபாடு பெண்களை வேறு விதமாகத் தாக்கும் என்று குழுவே 2000 ஆம் ஆண்டின் 25 ஆம் பொதுப் பரிந்துரையில் சொல்லியிருக்கிறது.

சம்மதம் வாங்கும்போது மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். உங்கள் கதையை எழுதலாமா? பெயரோடா, பெயரில்லாமலா? இது இணையத்தில் யாரும் வாசிக்கும்படி இருக்கும், பரவாயில்லையா? மாற்று அறிக்கைகள் பொதுவாக ஐ.நா. இணையத்தளத்தில் வெளியாகும் என்பது பலருக்குத் தெரியாது. பெயரை எடுத்தாலும் "இந்தக் கிராமத்தில் கடை வைத்திருக்கும் விதவை" என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரியும். கிராமப் பெயர், தொழில், வயது மூன்றில் இரண்டை மறையுங்கள். சந்தேகமாக இருந்தால் கதையையே விடுங்கள். அறிக்கையைவிட ஆள் முக்கியம்.

7. எழுதும் ஒழுங்கு

ஒவ்வொரு விடயத்துக்கும் நான்கு அடி: உறுப்புரை, நடந்தது, ஒப்பீடு, கோரிக்கை. வரலாறு தேவையானால் ஒரு வரி. கீழே உள்ளது கற்பனை மாதிரி:

"5 ஆம் உறுப்புரை (அ). இம்மாவட்டத்தின் ஒரு பிரிவில் தமிழ் பேசுவோர் செய்த முறைப்பாடுகள் சிங்களத்தில் பதியப்பட்டு, வாசித்துக் காட்டப்படாமல் கையெழுத்துப் பெறப்பட்டன. சிங்களத்தில் முறையிட்டோர் எவருக்கும் இந்நிலை ஏற்படவில்லை. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் எந்நேரமும் தமிழில் பதியக்கூடிய உத்தியோகத்தர் ஒருவரை அரசு கடமையில் அமர்த்த வேண்டும். பதியப்பட்டதன் பிரதியை முறைப்பாட்டாளர் பேசிய மொழியில் வழங்க வேண்டும்."

கோரிக்கையில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். "அரசு நீதி வழங்க வேண்டும்" என்று எழுதுகிறார்கள். குழு அதை அப்படியே எடுத்துத் தன் பரிந்துரையாக எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் கோரிக்கை இன்னும் முடியவில்லை.

4 ஆம் உறுப்புரையின் கீழ் வெறுப்புப் பேச்சைப் பற்றி எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடுமையான புதுச் சட்டம் வேண்டும் என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதை ஏற்கெனவே குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் கீழ் 2019 இல் ஒரு சிறுகதைக்காக ஒரு சிங்கள எழுத்தாளர் கைதானார். சட்டம் யார்மீது பாய்கிறது, யார்மீது பாயவில்லை என்ற கணக்கைக் கேட்பது பயனுள்ளது.

8. மொழிபெயர்ப்பு

அறிக்கை ஐ.நா. மொழியில் போக வேண்டும். நமக்கு நடைமுறையில் ஆங்கிலம். ஆனால் தமிழில் எழுதி முடித்த பின்னர்தான் மொழிபெயருங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் உங்கள் குழுவில் ஆங்கிலம் தெரிந்த இருவர் மட்டும் எழுதுவார்கள். மற்றவர்கள் தேநீர் போடுவார்கள்.

ஒரு பொறி: நம் "உயர் நீதிமன்றம்" நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதே சொல்லுக்கு மாநில நீதிமன்றம் என்று பொருள். சென்னையில் படித்த நண்பர் ஒருவர் உதவிக்கு வந்து, சிங்கராசா தீர்ப்பை ஒரு படி கீழே இறக்கிவிட்டார். "இனம்" என்ற சொல்லும் அப்படித்தான். ஐந்து அடிப்படைகளில் எதைக் குறிக்கிறீர்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் சமவாயத்தின் சொல்லையே எடுத்து வையுங்கள்.

9. அனுப்புவதும் அதன் பின்பும்

அனுப்ப ஐ.நா. ஆலோசனை அந்தஸ்து தேவையில்லை. சிறு அமைப்பும் அனுப்பலாம். பக்க எல்லையும் கடைசித் திகதியும் ஒவ்வோர் அமர்வுக்கும் குழுவின் பக்கத்தில் அறிவிக்கப்படும். பழைய அமர்வின் அறிவிப்பைப் பார்த்து அனுப்பி, திகதி தவறியவர்கள் உண்டு.

முடிவுரை அவதானிப்புகள் வந்ததும், அவற்றில் சில பரிந்துரைகளுக்கு ஓராண்டுக்குள் தகவல் தரும்படி குழு அரசைக் கேட்டிருக்கும். அவை எவை என்று முதலில் தேடுங்கள். அந்தப் பந்திகளை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கத்துக்குள் மொழிபெயர்த்து, பதினொரு பிரதேச செயலகங்களுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே அலுவலகங்களுக்குத் தகவல் விண்ணப்பம்: இந்தப் பரிந்துரை தொடர்பாக உங்களுக்குக் கிடைத்த சுற்றறிக்கைகள் எத்தனை, எந்தத் திகதியில், எந்த மொழியில், பிரதி தருக.